பெயர் கேள்விப்படாத மட்டை

மேகங்கள் தரையிறங்கி நடமாடும் மலையூர் ஒன்று இருந்தது. மூட்டம் கனத்து, எதிரில் நிற்பவர் முகம் மறையும் வேளைகளில் அங்கே பொருள்கள் பேசிக்கொள்ளும். மனிதர்களின் காதுக்கு அந்தப் பேச்சு எட்டாது. தொட்டுக்கொண்டிருக்கும் கைக்கு மட்டும் கொஞ்சம் கேட்கும்.

அந்த ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் யோகேஸ்வரி ஆம்புலன்ஸ் ஓட்டினாள். தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸாக இருந்த ஸ்டெல்லா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து வருவாள். மாலையானால் இருவரும் பழைய தொழிற்சாலையின் மாடிக்குப் போய் இறகுப்பந்து ஆடுவார்கள். ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட வைத்த நீளமான கூடம் அது. இப்போது நடுவில் ஒரு வலை கட்டியிருந்தது. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகும்.

வழியிலேயே உயிர் போனவர்களைப் பற்றி அவர்கள் இருவரும் வாய் திறந்து பேசியதே இல்லை. ஆறு வருடங்களாக அந்தப் பேச்சையெல்லாம் இறகுப்பந்துதான் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

சில மாதங்களாக யோகேஸ்வரியின் வலது முழங்கையில் ஒருவன் குடியேறியிருந்தான். அவன் பெயர் வலி.

"எதுக்கு வந்த?" என்று முழங்கை அவனைக் கேட்டது.

"கூப்பிட்டாங்க, வந்தேன். ஊரை விட்டுப் போன மேனேஜர் இவளுக்கு ஒரு பழைய மட்டையைக் கொடுத்தாரே, அதுதான் ஒவ்வொரு அடிக்கும் என்னைக் கூப்பிடுது. நான் கெட்டவன் இல்ல. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்."

ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது யோகேஸ்வரி பல்லைக் கடிப்பதைக் கண்ணாடியில் ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"இப்படியே போனா வண்டி ஓட்ட முடியாது யோகா. பேட்ட மாத்து. இல்லன்னா ஆட்டத்த விட்ரு."

"விட்ருன்னா எப்படி? இன்னும் ரெண்டு வாரத்துல ஃபைனல்."

அந்த மாதக் கடைசியில் கூடலூருக்குப் போகும்படி ஸ்டெல்லாவுக்கு மாற்றல் வந்திருந்தது. தோட்டங்களுக்கு இடையே நடக்கும் அந்தப் போட்டிதான் இருவரும் சேர்ந்து ஆடப்போகிற கடைசி ஆட்டம்.

மறுநாளே இருவரும் பஸ் நிலையத்துக்கு மேலே, மாடிப்படி ஏறிப் போகும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். அன்று மூட்டம் படி வரைக்கும் வந்து நின்றது. சுவரில் வரிசையாக மட்டைகள் தொங்கின. அவற்றில் கறுப்பாக மினுங்கிய ஒன்று முதலில் பேசியது.

"என் பேரைச் சொன்னாலே எதிரி பாதி தோத்துடுவான். என் சட்டை மாதிரியே சட்டை போட்டுக்கிட்டு எத்தனையோ பேர் திரியிறாங்க."

"என் படம் பஸ்ஸுல ஒட்டியிருக்கு" என்றது பக்கத்தில் இருந்த தங்க நிற மட்டை.

கடைசி ஆணியில் பச்சை மட்டை ஒன்று தொங்கியது. அதன் கழுத்தில் 'தரங்கா' என்று சின்ன எழுத்தில் இருந்தது. வடக்கே எங்கோ ஒரு சின்னப் பட்டறையில் செய்தது. அது எதுவும் பேசவில்லை.

"உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கறுப்பு மட்டை கேட்டது.

"வர்றவங்க கை என்ன சொல்லுதுன்னு கேக்கலாம்னு இருக்கேன்" என்றது பச்சை.

கடைக்காரர் போஜன் கறுப்பு மட்டையைத்தான் முதலில் இறக்கிக் கொடுத்தார். "எல்லாரும் இதத்தாம்மா எடுக்கறாங்க. சோலைமட்டம் எஸ்டேட் ஷர்மிளாகூட போன வாரம் இதே மாதிரிதான் எடுத்துட்டுப் போச்சு."

சோலைமட்டம்தான் இறுதி ஆட்டத்தில் எதிரணி. ஸ்டெல்லாவின் கண் விரிந்தது. "இதையே எடுத்துடு யோகா. சரிக்குச் சரியா நிக்கலாம்."

யோகேஸ்வரி மட்டையைக் காற்றில் ஒரு வீச்சு வீசினாள். கல்லை நுனியில் கட்டியதுபோல இருந்தது. முழங்கைக்குள் வலி துள்ளி எழுந்தான்.

"வா சிநேகிதா!" என்றது கறுப்பு மட்டை. "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா பெரிய ஆட்டம் ஆடலாம்."

தங்க மட்டையை வீசியபோதும் அவன் எழுந்தான். கொஞ்சம் மரியாதையாக எழுந்தான், அவ்வளவுதான்.

"அந்தக் கடைசில பச்சையா இருக்கே, அதக் குடுங்கண்ணா" என்றாள் யோகேஸ்வரி.

போஜன் தயங்கினார். "அது யாரும் கேக்கறதில்லம்மா. கம்பெனி ஆளு ஒருத்தர் வந்து ரெண்டு குடுத்துட்டுப் போனாரு. ஒண்ணுல நானே ஆடறேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா பேர் இல்லாத சரக்க நான் எப்படி உங்ககிட்ட எடுங்கன்னு சொல்றது?"

அவள் வாங்கி வீசினாள். தண்டு மெல்ல வளைந்து நிமிர்ந்தது. இன்னொரு முறை வீசினாள். முழங்கைக்குள் வலி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"என்னை யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?"

"நான் கூப்பிடல" என்றது பச்சை மட்டை. "நீ தூங்கு."

வலி திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் யோகேஸ்வரி.

ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கியது. படியில் இறங்கும்போது தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஃபைனலுக்குப் போறோம். இதத் தூக்கிட்டுப் போனா சிரிக்க மாட்டாங்களா? நான் இங்கருந்து போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கப்பு வாங்கணும்னுதான் நெனச்சேன்."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஆடி முடிச்சுட்டு நான் வண்டி எடுக்கணும்டி."

வீட்டுக்கு வரும்வரை ஸ்டெல்லா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல மட்டை யோகேஸ்வரியின் மடியில் ஒடுங்கிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல்வரை மூட்டம் வந்து நின்ற காலையில் இறுதி ஆட்டம். கூடம் நிறைய ஆட்கள். ஷர்மிளாவும் அவள் ஜோடிப் பெண்ணும் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுக்காரர்கள், பாய்ந்து பாய்ந்து ஆடுகிறவர்கள். ஸ்டெல்லா பயந்தது போலவே நடந்தது.

"அக்கா, இது பொம்மைக் கடைல வாங்கினதா?" என்று ஷர்மிளா கேட்டாள். ஜன்னல் ஓரம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பச்சை மட்டைக்கு உடம்பெல்லாம் நரம்பு நடுங்கியது. யோகேஸ்வரி விரல்களால் நரம்பை ஒருமுறை தடவி நேராக்கினாள். "பாப்போம்மா" என்று மட்டும் சொன்னாள்.

முதல் ஆட்டம் சோலைமட்டத்துக்குப் போனது. கறுப்பு மட்டை அடித்த அடியில் இறகுப்பந்து அலறிக்கொண்டு வந்து விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் யோகேஸ்வரி பலத்தை விட்டுவிட்டாள். வலையை ஒட்டி, வாய்க்குச் சோறு ஊட்டுவதுபோல மெல்லத் தட்டிப் போட்டாள்.

"இங்க வந்தா மூச்சு விட முடியுது" என்றது இறகுப்பந்து, பச்சை மட்டையின் மடியில் ஒரு கணம் இறங்கி.

"எங்க போகணும்னு சொல்லு" என்றது மட்டை.

"அந்தப் பொண்ணு நிக்காத இடத்துக்கு."

இரண்டாவது ஆட்டம் இவர்களுக்கு வந்தது. மூன்றாவதில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. ஸ்டெல்லா சர்வீஸ் போடக் கையைத் தூக்கினாள்.

அப்போது சுவரோரம் பையில் கிடந்த யோகேஸ்வரியின் போன் அலறியது. அது ஆம்புலன்ஸ் போன். அதை அணைத்து வைக்கும் வழக்கம் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் பதறினாள். "அக்கா, தேவகிக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சு! அவ வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. சீக்கிரம் வாங்கக்கா!"

யோகேஸ்வரி ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா கோப்பையைப் பார்த்தாள். மேசையில் வெள்ளை விரிப்பின் மேல் அது நின்றது. ஒரே ஒரு கணம். அப்புறம் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். யோகேஸ்வரி தன் கையில் இருந்ததைக் கீழே போடக்கூட மறந்து அவள் பின்னால் ஓடினாள்.

"ரெண்டே ரெண்டு பாயிண்ட்!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

தேவகியை ஏற்றிக்கொண்டு வண்டி கீழே இறங்கத் தொடங்கியபோது எதிரில் பத்தடிதான் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மேகம் குறுக்கே வந்து நின்றது. விளக்கைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டது.

பின்னால் தேவகி ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"கைய விடும்மா, எனக்கு ரெண்டு கையும் வேணும். புள்ள வருது. வேற எதையாச்சும் பிடிச்சுக்கோ!" ஸ்டெல்லா சுற்றும் முற்றும் பார்த்தாள். இருக்கையின் மேல், யோகேஸ்வரி அவசரத்தில் போட்டுவிட்ட பச்சை மட்டை கிடந்தது. எடுத்து அதன் கைப்பிடியைத் தேவகியிடம் கொடுத்தாள்.

தேவகி இரண்டு கையாலும் பிடித்தாள். இப்படி ஒரு பிடியை மட்டை கனவிலும் கண்டதில்லை. நகங்கள் கைப்பிடியைக் கிழித்து இறங்கின. தண்டு வளைந்தது.

'ஒடஞ்சிடுவேனோ' என்று அது நினைத்தது. ஆனால் தேவகியிடம் அதைச் சொல்லவில்லை. "பிடி" என்றது. "இன்னும் பிடி. நான் இருக்கேன்."

முன்னால் ஒன்பதாம் வளைவில் வலி யோகேஸ்வரியின் முழங்கையில் எழுந்து உட்கார்ந்தான். ஸ்டியரிங் முழுவட்டம் திரும்பியது. முழங்கை கூடவே திரும்பியது, ஒரு முனகல் இல்லாமல். இரண்டு வாரமாகத் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு இங்க வேலை இல்ல போலிருக்கு" என்றான். அடுத்த வளைவில் வண்டி வேகம் குறைந்தபோது இறங்கி மூட்டத்துக்குள் நடந்து போனான்.

பதினோராம் வளைவில் ஸ்டெல்லா கத்தினாள். "நிறுத்து யோகா! ஓரமா நிறுத்து!"

வண்டி நின்றது. எல்லாம் அமைதியானது. மேகம் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி. ஸ்டெல்லா குழந்தையின் முதுகைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். யோகேஸ்வரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பிறகு அழுகை வந்தது. பூனைக்குட்டி கத்துவது போல மெல்லியதாகத் தொடங்கி, வண்டி முழுக்க நிறைந்தது.

"பொண்ணு" என்றாள் ஸ்டெல்லா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக யோகேஸ்வரி அதைப் பார்த்தாள். "யோகா, நல்லா இருக்குடி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வண்டிய எடு."

தாயையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர்கள் திரும்பியபோது மணி நாலு. கூட்டம் கலைந்து போயிருந்தது. வலை மட்டும் இன்னும் கட்டியபடி இருந்தது. தரையில் ஷர்மிளாவும் அவள் ஜோடியும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பரிசுக் கோப்பை மேசையிலேயே இருந்தது.

"நீங்க ஜெயிச்சதா சொல்லலையா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"சொன்னாங்க. நாங்கதான் வாங்கிக்கல" என்றாள் ஷர்மிளா. "இன்னும் ரெண்டு பாயிண்ட் பாக்கி இருக்கே அக்கா. கொழந்த என்ன?"

"பொண்ணு."

"அப்ப வாங்க. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது."

வேடிக்கை பார்க்க மேகத்தைத் தவிர யாரும் இல்லை. முதல் புள்ளி ஸ்டெல்லாவுக்கு. அடுத்தது சோலைமட்டத்துக்கு. பிறகு இரு பக்கமும் இரண்டு புள்ளி முந்த முடியாமல் இருபத்தாறு வரை போனது. கடைசியில் ஷர்மிளாவின் பக்கம்தான் வென்றது. கடைசிப் பந்து வலையில் பட்டு விழுந்தபோது நால்வரும் சிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோப்பை போனதை நினைத்து ஸ்டெல்லாவின் முகம் சுருங்கவில்லை. யோகேஸ்வரியின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷர்மிளா பச்சை மட்டையை எடுத்து வீசிப் பார்த்தாள். மறுபடி வீசினாள். அப்புறம்தான் கைப்பிடியைக் கவனித்தாள். பிறை பிறையாக எட்டு நகத் தடங்கள்.

"ஐயோ, கிரிப்பெல்லாம் கிழிஞ்சு போச்சேக்கா! எங்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு. இப்பவே சுத்திக் குடுத்துடட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் யோகேஸ்வரி. அவள் சொல்வதற்கு ஒரு கணம் முன்னாலேயே மட்டையும் அதையே சொல்லிவிட்டிருந்தது.