கும்பிடக் கை கேட்ட ஆவுடையப்பர்

தென்கரைக்குறிச்சி மருதவனநாதர் கோயிலில் சந்தனம் அரைப்பது ஆவுடையப்பரின் பணி. விடிந்ததும் ஆற்றில் முழுகி, நெற்றி நிறைய நீறு பூசி, பிராகாரத்து மூலையில் கல்லின் முன் அமர்வார். ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே கட்டையைத் தேய்ப்பார். விழுது வெண்ணெய்போல் திரண்டதும் கிண்ணத்தில் வழித்துக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் கடைசி ஆளாய் நின்று இரு கையும் குவித்துக் கும்பிடுவார். அந்த ஒரு கும்பிடுக்காகவே அவருக்குப் பொழுது விடிந்தது.

ஒரு பங்குனியில் அவர் மொபெட்டில் வரும்போது ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை. ஆவுடையப்பர் வலத்தோள் தரையில் மோத விழுந்தார். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு பிய்ந்தன. கை ஈரத்துணிபோலத் தொங்கியது. தொட்டால் தெரியாத அந்தக் கைக்குள் எரிச்சல் மட்டும் ஓயவேயில்லை.

நாட்டு வைத்தியரின் எண்ணெய்க்கட்டிலேயே இரண்டு மாதம் போயிற்று. பலனில்லை. அவரோ இடக்கையால் அரைக்கத் தொடங்கினார். கல் ஆடாதபடி மனைவி கோமதியம்மாள் பிடித்துக்கொண்டார்.

தேங்காய்க் கடை சங்கரபாண்டியன் சிரித்தார். “முப்பது வருசமா அரைச்சீரே, உம்ம சாமி கையையே வாங்கிட்டாரே வே!”

“ஒண்ணைத்தான வாங்கினாரு? இன்னொண்ணை விட்டு வச்சிருக்காருல்லா!” என்றார் ஆவுடையப்பர். கோமதியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் அந்த அம்மையார் விடவில்லை. மதுரையில் நரம்பு மருத்துவர் ரெஜினாவிடம் கணவரை அழைத்துப்போனார். மருத்துவர் எதையும் ஒளிக்கவில்லை. இப்படியே விட்டுவிடலாம், அல்லது விலா எலும்புகளுக்கிடையே மூச்சுக்கு உதவும் நரம்புகள் சிலவற்றை எடுத்துக் கையில் இணைக்கலாம். பலருக்குப் பலிக்கிறது, சிலருக்கு இல்லை. தாமதித்தால் தசை வீணாகிவிடும்.

“விரல் திரும்பும்னு சொல்ல மாட்டேன் ஐயா. முழங்கை மடங்கலாம். உங்களுக்கு இந்தக் கை எதுக்கு வேணும்?”

“கும்பிடணும் தாயி.”

“விரல் கூம்பாதே?”

“நெஞ்சு வரைக்கும் ஏறி வந்தாப் போதும். மிச்சத்துக்கு இடது கை போய்ச் சேர்ந்துக்கிடும்.”

மருத்துவர் கோமதியம்மாளைப் பார்த்தார். அம்மையார் தலையசைத்தார். ஆனி மாதம் அறுவை நடந்தது.

கையில் இணைத்தது மூச்சு நரம்பு என்பதால், மூச்சை ஆழ இழுத்தபடியே கையை மடக்க நினைக்க வேண்டும், அதுதான் பயிற்சி. ஆவுடையப்பர் சந்தனக் கல்லின் பக்கத்தில் அமர்ந்து, ‘சிவாய’ என்று மூச்சை இழுத்து, ‘நம’ என்று விட்டார். மாதங்கள் ஓடின. கை அசையவில்லை. மாசியில் ஒருநாள் கோமதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது, “நரம்பு ஊர்ந்துலா வரணும்! பாதி வழியில இருக்கும்,” என்று ஆவுடையப்பரே தேற்றினார்.

சித்திரைத் திருநாள். தீபாராதனை நேரம். சாம்பிராணிப் புகை சந்நிதியை மூடியது. ஆவுடையப்பருக்குத் தொண்டை கமறி இருமல் வந்தது. இருமிய இருமலில் வலக்கை விசுக்கென்று மேலேறி நெஞ்சில் இடித்தது!

அவர் திகைத்து நின்றார். கை விழுந்துவிட்டது. வேண்டுமென்றே இன்னொரு முறை இருமினார். மறுபடியும் ஏறியது.

“வே, இன்னொரு தடவை இருமும்!” என்று பின்னாலிருந்து கத்தியவர் சங்கரபாண்டியன்தான்.

ஆவுடையப்பர் இருமவில்லை. ‘சிவாய’ என்று மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார். கை மெல்ல மடங்கி எழுந்தது. இடக்கை ஓடிப்போய் அதைத் தாங்கிக்கொண்டது. வலதுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடக்கைக்குத்தான் அதன் சூடு தெரிந்தது. மூச்சு தீருமட்டும் கும்பிட்டார். பிறகு மூச்சு வாங்கி மறுபடியும் கும்பிட்டார். கோமதியம்மாள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

கர்ப்பூரத் தட்டோடு வெளியே வந்த சபாபதி பட்டர் தட்டைக் கீழே வைத்தார். உள்ளே போய் இறைவன் திருமேனியில் இருந்த பட்டுத் துணியை எடுத்துவந்து, ஊர்ப் பெரியவர்கள் காத்திருக்க, ஆவுடையப்பரின் தலையில் பரிவட்டமாகக் கட்டினார்.

“புகையை அனுப்பிக் கையைத் தூக்க வச்சுட்டான் பாரு! இன்னிக்கு முதல் மரியாதை உனக்குத்தான்னு அவனே சொல்லிட்டான்.”

விரல்கள் கடைசிவரை திரும்பவில்லை. அவர் அதைக் கேட்கவுமில்லை. மூச்சை இழுத்துக் கும்பிட்ட அந்த அடியாரை நாமும் கும்பிடுவோம்.