எழுத்துக்கும் திரைக்கும் துண்டுக்குள் நடந்த பேரம்

கைப்பேசியில் உன் வலைப்பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்றால் காரணம் நீதான். உன் மேசைமேல் இருந்த அகலத் திரையை மட்டும் பார்த்து, எழுத்துகளுக்கு ஒரே உயரத்தை விதித்துவிட்டு எழுந்து போனவன் நீ.

எழுத்தும் திரையும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், சென்னியப்பன் என்றொரு மாட்டுத் தரகர் இருந்தார். ஊரைச் சுற்றி மாடுகளுக்குக் கோமாரி நோய். அவர் கையில் ஊசி போடாத காளை ஒன்று, மதியத்தோடு தடுப்பூசி முடிந்துவிடும். எங்கே போடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. கைப்பேசியில் ஊசி அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்தார். ஊர்ப் பெயர் தெரிந்தது, இடம் திரைக்கு வெளியே கிடந்தது. இழுத்தால் இடம் வந்தது, ஊர் ஓடிப்போனது. விரலால் சுருக்கினால் எழுத்தெல்லாம் எள்.

"ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கறீங்க?" என்றார் எழுத்துகளிடம்.

"எங்களை இந்தப் பக்கத்துல நட்டவரு இந்த உயரம்னு சொல்லிட்டுப் போனாருங்க. ஒரு நூல் குறைய மாட்டோம்."

"என் அகலத்துக்கு அடங்கினாத்தான் இடம்," என்றது திரை.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாட்டுச் சந்தையில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் முடிப்பார்கள். தோள்துண்டை உதறிக் கைப்பேசிமேல் போட்டு, உள்ளே கையை விட்டார்.

"இது கீழ் அளவு, என் கண்ணுக்கு எட்டறது, அதுக்குக் கீழ இறங்கப்படாது. இது மேல் அளவு, அதைத் தாண்டினா வெறும் பந்தா. சம்மதமா?"

"நடுவுல?" என்று கேட்டது எழுத்து. "சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணா வெச்சுக்கலாங்களா?"

"கன்னுக்குட்டி மூணே தாவலிலயா காளையாகுது? திரை ஒரு விரல் அகலமானா நீயும் அதுக்குத் தக்கன வளரு. குறுகினா அதே மாதிரி இறங்கு."

"அப்பவும் இடம் பத்தலைன்னா?"

"அடுத்த வரிக்குப் போயேன், யாரு புடிச்சுக்கிட்டா?"

கீழ் அளவு, மேல் அளவு, நடுவில் வளர்ச்சி என்று துண்டுக்குள் மூன்று விரல்களை அழுத்தினார். பேரம் முடிந்தது. துண்டை எடுத்தால், ஊரும் இடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இடம், பழைய நெல் களம். நம்பாமல் கைப்பேசியைப் படுக்கவைத்தார். எழுத்து மெல்லப் பருத்தது. நிமிர்த்தினார், மெல்ல இளைத்தது. இன்னும் இரண்டு தரம் திருப்பிப் பார்க்க ஆசைதான். காளை கத்தியது. ஓட்டிக்கொண்டு ஓடினார். கடைசி ஊசி அதற்குத்தான்.

அன்று முதல்தான் எழுத்து கீழ் அளவுக்கும் மேல் அளவுக்கும் நடுவில், திரையின் அகலம் பார்த்து வளர்ந்து இளைக்கிறது. உன் வலைப்பக்கத்தில் மட்டும் அது இன்னும் விறைத்து நிற்கிறது. அந்தப் பேரத்துக்கு நீ மட்டும் கட்டுப்படாதவனா? போய் மாற்று, இன்றைக்கே.