வாயு மூலையில் ஒரு துளை

கொல்லைப்புறம் முழுக்க ஒரே அமளி! கோழிகளுக்கு வீடு கட்ட இடம் கிடைத்துவிட்டது!

இடம் என்றால் என்ன பெரிய இடம்? காட்டை ஒட்டிய அந்தக் கொல்லையில் பாதியை ஆடுகள் வளைத்துக்கொண்டிருந்தன. மீதியில் வாத்துகள் சேறு கலக்கின. கிழக்கே ஒரு கொய்யாமரம், மேற்கே பாசி பிடித்த ஒரு கிணறு. இரண்டுக்கும் நடுவே குறுகலான சந்து. அதில் ஓர் ஆடு படுத்தால் இன்னோர் ஆடு நிற்க முடியாது. அதனால்தான் ஆடுகள் அதை விட்டுக்கொடுத்தன. தாராள மனசெல்லாம் ஒன்றும் கிடையாது.

"இதிலேயா? நாம எல்லாருமா?" என்று சாம்பல் கோழி மூக்கைச் சுருக்கியது.

"அகலம் இல்லாட்டி என்ன? உயரம் இருக்கே!" என்றது செவலைக்கோழி. "கீழே முட்டைக்கு வைக்கோல் அறை. மேலே படிப்படியா குச்சி கட்டி எல்லாரும் தூங்கலாம். ஒருத்தி தலைக்கு நேர் மேலே இன்னொருத்தி உட்காரக் கூடாது. ஏன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. பழைய இடத்தில் சாம்பலின் கீழே தூங்கிய எல்லோருக்கும் அது நன்றாகவே தெரியும்!

செவலைக்கு அவசரம். பழைய கூடு மழையில் சரிந்துவிட்டது. அதன் முட்டைகள் ஓர் உடைந்த கூடைக்குள் இருந்தன. இன்றைக்கோ நாளைக்கோ குஞ்சு பொரிக்கும் நேரம். கொய்யாமரத்து வேரடியில் ஒரு கீரி வேறு வளை தோண்டிக் குடியிருந்தது. இருட்டுவதற்குள் நாலு பக்கமும் சுவர் எழும்பாவிட்டால் செவலையின் குஞ்சுகள் கீரியின் பலகாரம்தான்.

வேலை பறந்தது! மரங்கொத்தி ஆசாரி பலகைகளைக் கொத்திப் பொருத்தியது. காகம் எங்கிருந்தோ கம்பித் துண்டுகளைக் கொண்டுவந்தது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. அணில் தேங்காய் நாரால் இறுக்கிக் கட்டியது.

"சுவர் எழும்புது! பாருங்கடி, சுவர் எழும்புது!" என்று கோழிகள் குதித்தன.

அப்போதுதான் வேரடியிலிருந்து கீரி வெளியே வந்தது. நெற்றி நிறையச் செம்மண் பட்டை. கழுத்தில் வேப்பங்காய் மாலை.

"நில்லுங்கள்! வாஸ்து பார்த்தீர்களா?"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மரங்கொத்தியின் அலகு பாதிக் கொத்தில் நின்றது.

"பார்க்கலையே சாமி!" என்றது கொண்டையப்பன். அது அந்தக் கூட்டத்தின் சேவல். கொண்டை பெரிசு. அதற்குக் கீழே இருந்தது அவ்வளவு பெரிசில்லை.

"அடப்பாவமே! வாயு மூலையை அடைத்துவிட்டீர்களே! காற்று வராத வீட்டில் குஞ்சு தங்குமா? அந்த மூலையில், தரையோடு தரையாக ஒரு துளை வேண்டும். என் தலை நுழையும் அளவு. அளவுக்காகச் சொல்கிறேன், வேறு ஒன்றுமில்லை."

"வாயு மூலை எது சாமி?" என்றது சாம்பல்.

கீரி கொஞ்சமும் யோசிக்காமல் கொய்யாமரப் பக்கம் கையைக் காட்டியது. "இதோ, இதுதான்!"

துளை விழுந்தால் அதன் வளைக்கு நேர் எதிரே விழும்.

"ஏங்க," என்றது செவலை, சேவலைப் பக்கத்தில் இழுத்து. "முட்டை திருடுறவன் வந்து நம்ம வீட்டில் எங்கே ஓட்டை போடணும்னு சொல்றான். நீங்களும் தலையாட்டுறீங்களே!"

"அடியே, நாக்கை அடக்கு! சாமி திருந்திட்டார். மாலையைப் பார்த்தியா?"

"மாலையைப் பார்த்தேன். அதுக்கு மேலே இருக்கிற பல்லையும் பார்த்தேன்."

ஆனால் கோழிகள் கேட்டால்தானே! "துளை வேணும்! சாமி சொன்னபடி துளை வேணும்!" என்று ஒரே கூச்சல். "குஞ்சுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு!" என்று சாம்பல், செவலையின் முகத்துக்கு நேரே சிறகை நீட்டியது. இத்தனைக்கும் குஞ்சு யாருடையது?

செவலை வானத்தைப் பார்த்தது. சூரியன் கிணற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. இனி வாதாட நேரமில்லை. திடீரென்று அதன் கண் பளிச்சென்றது.

"சரி சாமி! துளை போட்டுடறோம்! வாயு மூலையில்தானே?"

"வாயு மூலையில்தான்!"

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"வாஸ்து மாறாது அம்மா! வாயு மூலை, வாயு மூலை, வாயு மூலை!" என்று முழங்கிவிட்டுக் கீரி வளைக்குள் போனது. பசியை வளர்க்கத்தான்.

செவலை மரங்கொத்தியின் காதில் ஏதோ சொன்னது. மரங்கொத்தி ஒருமுறை சூரியனைப் பார்த்தது, ஒருமுறை கொய்யாமரத்தைப் பார்த்தது, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கியது. டொக் டொக் டொக்!

பொழுது சாயும்போது வீடு தயார்! கூடை முட்டைகள் கீழறைக்குப் போயின. கோழிகள் குச்சி ஏறின. செவலை முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. கதவைச் சாத்தியாயிற்று. என்ன வீடு! எல்லோருக்கும் இடம் இருந்தது, கொண்டையப்பனின் கொண்டைக்குக்கூட!

சற்று நேரத்தில் கொய்யாமரப் பக்கச் சுவரில் பிறாண்டும் சத்தம்.

"அடேய், துளை எங்கே?" கீரியின் குரல்!

"போட்டாச்சு சாமி!" என்றது கொண்டையப்பன் பெருமையாக. "நீங்க சொன்னபடி வாயு மூலையில்!"

"இதுதானே வாயு மூலை?"

"என்ன சாமி இது! இது சூரியன் உதிக்கிற பக்கம். வடக்கும் மேற்கும் சேருகிற இடம்தான் வாயு மூலை. அது அந்தண்டை, கிணற்றுப் பக்கம். தினமும் கிழக்கே பார்த்துக் கூவுகிறவன் நான். எனக்கே திசை சொல்லித் தர்றீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் சேவலுக்கு உறைத்தது. "ஆமா... இந்நேரத்துக்கு உங்களுக்குத் துளை எதுக்கு சாமி?"

"இப்பவாவது கேட்டீங்களே!" என்றது கீழறையிலிருந்து செவலை.

கீரிக்குப் பசி கண்ணை மறைத்தது. கூரைமேல் ஏறி மறுபக்கம் ஓடியது. துளை இருந்தது! கேட்ட அளவில், கேட்டபடி தரையோடு தரையாக இருந்தது! ஆனால் வீட்டின் சுவர் அங்கே கிணற்று விளிம்போடு ஒட்டியிருந்தது. கால் வைக்கப் பாசிதான் உண்டு. கீரி விளிம்பில் தொங்கிக்கொண்டு தலையைத் துளைக்குள் நுழைத்தது.

உள்ளே செவலை காத்திருந்தது.

"வாங்க சாமி! காற்று வரும்னீங்க, நீங்களே வந்துட்டீங்களே!"

மூக்கின் நுனியில் நறுக்கென்று ஒரு கொத்து!

"ஐயோ!"

தலை வெளியே போனது. கால் வழுக்கியது. தொபுக்கடீர்!

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தியது: "யாரப்பா அது, என் ஈசானிய மூலையில் வந்து விழுறது?"

கொல்லை முழுக்கச் சிரிப்பு! வாத்துகள்கூடச் சேற்றிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தன. கீரி தத்தளித்து, உள்படி ஒன்றைப் பிடித்து, நெற்றிப் பட்டை கரைந்து, மாலை அறுந்து மேலே ஏறியது. ஏறியதும் காட்டுக்குள் ஓட்டம் பிடித்தது. எந்தத் திசை என்றுகூடப் பார்க்கவில்லை!

பொழுது விடிந்தது. கீழறையில் கீச் கீச் கீச்! ஓடுகளை உடைத்துக்கொண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன.

"பொரிச்சாச்சு! எல்லாமே பொரிச்சாச்சு!" என்று சாம்பல் குச்சியிலிருந்து பறந்து இறங்கியது, ஏதோ தானே அடைகாத்த மாதிரி.

கொண்டையப்பன் கூரைமேல் ஏறிக் கொய்யாமரத்தைப் பார்த்து ஓங்கிக் கூவியது. கூவி முடித்துக் கீழே குனிந்து மெதுவாகக் கேட்டது: "ஏண்டி, அந்தத் துளையை அடைச்சுடலாமா?"

"விடியும்போதே ஆசாரிகிட்ட சொல்லிட்டேன். நீங்க இறங்கி வந்து குஞ்சுகளைப் பாருங்க."

தனக்குத் தெரிந்த கிழக்கை மறந்துவிட்டு அடுத்தவன் கை காட்டிய பக்கமெல்லாம் தலையாட்டுகிறவன், தன் வீட்டுச் சுவரில் திருடனுக்குத் தானே வழி வெட்டிக் கொடுக்கிறான்.