கூலிக்கு விட்ட காவல்

வேலங்காட்டில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. சருகைப் புரட்டிப் புழு தின்னும் கூட்டம். சத்தம் அதிகம். சண்டை அதற்கு மேல்.

ஒரு வழக்கம் மட்டும் மாறாது. எல்லாரும் தரையில் மேயும்போது ஒருத்தர் வேலமரத்து உச்சியில் உட்கார வேண்டும். வல்லூறோ பாம்போ பூனையோ, எது தெரிந்தாலும் கத்த வேண்டும். அடுத்தவர் வந்து மாற்றும்வரை வாயில் புழு படக்கூடாது.

அன்று சிலுப்பியின் முறை. தலை இறகு எப்போதும் சிலிர்த்து நிற்பதால் அந்தப் பெயர். புதரில் அவள் கூடு, அதில் இரண்டு குஞ்சுகள். விடிந்ததிலிருந்து அவற்றுக்கு ஊட்டியே அவள் வயிறு காய்ந்துவிட்டது. கீழே அண்ணன் பெண்டாட்டி பூஞ்சி கொழுத்த புழு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி! இந்தச் சட்டத்தை எந்த மகராசி போட்டா?"

"யாருக்குத் தெரியும்! வாயை மூடிக்கிட்டு வானத்தைப் பாரு!"

"உனக்கென்ன, வாய் நிறையப் புழு! பேசுவே!"

பக்கத்துக் கிளையில் ஒரு கரிச்சான் குருவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பிளந்த வாலை ஒரு ஆட்டு ஆட்டினான்.

"அக்கா, காவலுக்கு நான் இருக்கேன். தினம் ஆளுக்கொரு புழு போட்டாப் போதும். வல்லூறு வந்தாக் கத்தணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்!" என்றாள் சிலுப்பி. பசி அவளை யோசிக்க விடவில்லை.

கூட்டம் ஒரே குரலில் சரி என்றது. இத்தனை காலம் இது தோன்றாமல் போயிற்றே என்று பூஞ்சிக்குக்கூட வருத்தம்.

கரிச்சான் ஏமாற்றுக்காரன் அல்ல. வல்லூறு நிழல் விழுந்தபோதெல்லாம் கத்தினான். குருவிகள் முள்ளுக்குள் பாய்ந்து தப்பின. வயிறுகள் நிறைந்தன. அதற்குப் பிறகு மேயும்போது ஒருத்தரும் தலை தூக்கவில்லை. பார்க்கத்தான் ஆள் இருக்கிறதே!

ஒருநாள் நண்பகல். புதரிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். சிலுப்பி பறந்தாள்.

கூட்டில் ஒரு சாரைப்பாம்பு. அதன் வாய்க்கு வெளியே இரண்டு சின்னக் கால்கள்.

"மதினி! பாம்பு! எல்லாரும் வாங்க!"

வந்தார்கள். கொத்தினார்கள். பாம்பு நழுவிக் கீழே விழுந்து போயே போய்விட்டது, விழுங்கியதோடு. மிச்சமிருந்த ஒரு குஞ்சு கூட்டின் ஓரத்தில் நடுங்கியது.

சிலுப்பி உச்சிக் கிளைக்குப் பாய்ந்தாள்.

"உன் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நல்லாத் தெரிஞ்சுது அக்கா. அது புதர்ல ஏறும்போதே பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தே?"

"வல்லூறு வந்தாக் கத்தணும். அதுதானே பேச்சு? பாம்புக்குக் கத்தச் சொன்னீங்களா?"

கொத்தப் போன அலகைச் சிலுப்பி இழுத்துக்கொண்டாள். அந்தப் பேச்சைப் பேசி முடித்தவளே அவள்தான்.

"கொத்துங்கடி இவனை!" என்று கூவினாள் பூஞ்சி.

"விடு மதினி. போனது அவன் குஞ்சா? சொன்ன வேலையைச் செஞ்சான். இன்னைக்குப் புழுவைக் குடுத்து அனுப்பு."

கரிச்சான் கூலியை வாங்கிக்கொண்டு பறந்தான். அவனுக்கு வேறு காடு இருக்கிறது.

உச்சிக் கிளை காலியாகக் கிடந்தது. மிச்சக் குஞ்சு பசியில் வாயைப் பிளந்தது. மேலே போவதா, இரை தேடுவதா? சிலுப்பி அப்படியே நின்றாள்.

பூஞ்சி சருகிலிருந்து ஒரு புழுவை எடுத்துக் குஞ்சின் வாயில் திணித்தாள். மேலே எழும்பினாள்.

"மதினி, இன்னைக்கு உன் முறை இல்லையே!"

"முறை என்னடி முறை! இந்தச் சட்டம் போட்ட மகராசியும் இப்படிப் பறிகொடுத்துத்தான் போட்டிருப்பா! நீ பிள்ளையைப் பாரு!"

முன்னால் பறிகொடுத்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காகப் பசி கிடந்து உண்டாக்கியதே வீட்டின் நெறியும் நாட்டின் நெறியும். அதைக் கூலிக்கு விட்டவன் மறுபடியும் பறிகொடுப்பான்.