கருகிய தோசைக்கு ஒரு கட்டளை

சிங்கமங்கலம் ஜமீன்தார் ஒரு மார்கழி மாலையில் உருகிய நெய்யைப் பார்த்து, "உறைந்து போ!" என்று கட்டளையிட்டார். விடிவதற்குள் குளிரில் நெய் உறைந்தது. கூட இருந்த துதிபாடிகள் கைதட்ட, அவருக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் தோசை கருகிவிட்டது. "இதைத் திரும்ப மாவாக்கு, இல்லையென்றால் மூட்டையைக் கட்டு!" என்று சமையல்காரி வேலம்மாளிடம் கத்தினார்.

வேலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு பணிவாக, "நெய் உங்க பேச்சைத்தானே கேட்டுச்சு எசமான்? தோசைக்கும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள்.

ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு கட்டளையிட்டார். தொண்டை கட்டும்வரை கட்டளையிட்டார். தோசை தோசையாகவே கிடந்தது.

"உருகின நெய் மறுபடி உறையும், எசமான். வெந்த மாவு மறுபடி பச்சை மாவாகாதுங்க," என்றாள் வேலம்மாள்.

ஜமீன்தார் சுற்றிலும் பார்த்துவிட்டு, தோசையைப் பிட்டு வாயில் போட்டார். "நல்ல முறுகல்! இன்னொன்று ஊற்று," என்றார்.