அண்டா சொன்ன சாட்சி

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை உக்கிரசேனன் என்று ஒரு ராஜா ஆண்டான். அவன் அரண்மனை மடைப்பள்ளியில் ஆவுடையாள் என்ற சமையல்காரிக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொன்னால்தான் கதை விளங்கும்.

முதலாவது, ராஜாவின் பிறந்தநாள் விருந்தன்று நூறுபடி அண்டாவை இரண்டு பேர் இரண்டு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். ஆவுடையாள் பிடித்த காதின் ஆணி கழன்றது. கொதிக்கிற கஞ்சி அவள் வலது கையிலும் இடுப்பிலும் கொட்டியது. இரண்டாவது, அவள் வாழை இலையில் கிடந்த நாற்பது நாளுக்குள் அவள் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது, அவள் நட்டஈடு கேட்டு மனுக் கொடுத்தபோது, "அண்டாவில் குறையில்லை, இவள் கைதான் நழுவியது" என்று மடைப்பள்ளி மணியக்காரர் தாண்டவராயர் எழுதிக் கொடுத்தார். நான்காவது, விரல்கள் ஒட்டிப்போன வலது கையால் அவளுக்கு எழுத்தாணி பிடிக்க முடியவில்லை. இடது கைக் கீறல் செல்லாது என்று அடுத்த மனுவைத் தள்ளினார்கள். ஐந்தாவது, பவனி வந்த ராஜாவை அவள் மறித்துக் கேட்டபோது அவன் பட்டுச்சேலை ஒன்றைத் தானமாக வீசினான். அவள் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து திமிர் பிடித்தவள் என்ற பேரும் சேர்ந்துகொண்டது.

அதன் பிறகும் சபைக்கு நடையாய் நடந்து, ஆறாவது முறையாக அவள் வந்து நின்றாள். கோபமெல்லாம் தீர்ந்து, கால் வலி மட்டும் மிச்சமிருந்தது.

"மறுபடியும் நீயா?" என்றான் ராஜா.

"நாந்தான், மகாராஜா. வேற யாருக்கும் இந்தக் கை இல்லையே."

தாண்டவராயர் சிரித்தார். மந்திரி ஏகாம்பரத்தின் நாற்காலி மேல் அவருக்குப் பல வருஷமாக ஒரு கண். "எல்லாம் மந்திரி கொடுக்கிற இடம், பிரபு. அண்டா இன்றைக்கும் அடுப்பில்தான் இருக்கிறது. இரண்டு காதும் கல்லுப்போல இருக்கின்றன. ஆணி கழன்றது என்பது இவள் கட்டிய கதை. என் குலதெய்வத்தின் மேல் சத்தியம்."

ராஜாவுக்கு அன்று காலையிலிருந்து பொழுது போகவில்லை. "மந்திரி, அந்த அண்டாவையே சாட்சி சொல்ல வையும். சொன்னால் இவள் கேட்டது கிடைக்கும். சொல்லாவிட்டால் உம்முடைய பதவி ராயருக்கு. இவளும் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

ஆவுடையாள் மந்திரியின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "உங்க பொழப்பையும் ஏன் கெடுத்துக்கறீங்க, ஐயா? நான் போயிடறேன்."

"போனால் ஏழாவது தடவை யார் வருவது? உட்காரம்மா" என்றார் அவர்.

அண்டாவைச் சபைக்குத் தூக்கி வந்து, விளிம்பு வரை கொதிக்கிற வெந்நீர் ஊற்றினார்கள். புளி போட்டுத் தேய்த்திருந்ததால் இரண்டு காதும் ஒன்றுபோல மின்னின. எது எதென்று ஆவுடையாளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ராயரே, நாம் இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து இதை மகாராஜாவின் காலடி வரை தூக்கிப் போவோம். குறையில்லாத அண்டாதானே?" என்றார் மந்திரி.

"தாராளமாக" என்று தாண்டவராயர் வடக்குக் காதைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறும். இந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கிறது. அண்டாவைத் திருப்பி வைக்கட்டும்."

காவலர்கள் அண்டாவைச் சுற்றித் திருப்பினார்கள். தாண்டவராயர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அண்டாவை வலம் வந்து, முன்பு பிடித்த அதே காதைப் பிடித்தார்.

"எனக்கு இப்போது இந்தப் பக்கமும் வெயில். மறுபடி திருப்புங்கள்."

மறுபடி திருப்பினார்கள். மறுபடியும் அவர் வலம் வந்தார். சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கோயில் பிரகாரமா இது, ராயரே?" என்றான் ராஜா.

"அதையே நானும் கேட்கிறேன்" என்றார் மந்திரி. "பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்தக் காதை விடமாட்டேன் என்கிறீர்? சரி, எதிர்க் காதைப் பிடியும். தூக்குவோம்."

தாண்டவராயர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். கை நீளவில்லை.

"ஆணி கழன்ற துளையை அரக்கு வைத்து அடைத்திருக்கிறது, பிரபு" என்றார் கடைசியில். "பாரம் தாங்காது. விருந்துக்கு முன்னமே ஆட்டம் கண்டிருந்தது. புது அண்டா கேட்டால் கோபிப்பீர்கள் என்று..."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "பேஷ். சபை கலையலாம்."

எல்லோரும் எழுந்தார்கள். ஆவுடையாள் எழுந்திருக்கவில்லை.

"மகாராஜா, வழக்கு மந்திரியோடதில்ல. என்னோடது."

ராஜாவின் முகம் சுருங்கியது. "என்ன வேண்டும்?"

"சாகிற வரைக்கும் சோத்துக்கு வயல். கூடவே ஓலையில, குத்தம் அரண்மனையோடதுன்னு ஒரு வரி."

"ராயருடையது என்று எழுதச் சொல்கிறேன்."

"அண்டா ராயர் வீட்டு அண்டாவா, சாமி?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தாணியை எடுத்துத் தயாராக இருந்தார்.

"எழுதித் தொலையும்" என்றான் ராஜா.

நெடுங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இலாகாவின் குற்றமோ அந்த இலாகாவின் தலைவனே தீர்ப்பை வாசலில் நின்று சாட்சிகளுக்கு வாசிக்க வேண்டும். அப்போதுதான் ஓலை செல்லும். மடைப்பள்ளி வாசலில் அரிசி களைகிறவர்களும் விறகு சுமக்கிறவர்களும் கூடினார்கள். அவர்களில் பலர் கையிலும் பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. தாண்டவராயர் ஓலையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"சத்தமாப் படிங்க, ஐயா" என்றாள் ஆவுடையாள். அவளுக்கு வெற்றி பெற்ற சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. சுவரில் சாய்ந்து தூங்க வேண்டும்போல் இருந்தது. "கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."

தாண்டவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்:

"குற்றம் அரண்மனையுடையது. நட்டஈடு பெறுகிறவள், முள்ளிக்கரை சடையன் மகள் ஆவுடையாள்."