ஏரிக்கரைக் காவலும் பாதிக் கொடிக்காலும்

மருதங்கோட்டை மன்னர் வீரசேகரருக்கு வழக்கு விசாரிப்பதென்றால் வேப்பெண்ணெய் குடிப்பது போல. அன்றைக்கு ஐப்பசி மாதத்து முதல் இடி வேறு இடித்துக்கொண்டிருந்தது.

செங்கோடனும் பூவாயியும் தாலி கட்டாமலே பல வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். இருவருமாகக் கட்டாந்தரையைக் கொத்தி, அகத்தி நட்டு, வெற்றிலைக் கொடிக்கால் ஆக்கினார்கள். கொடி தழைத்தது, அன்பு பட்டுப்போனது. இப்போது கட்டிய சேலையோடு போகச் சொல்கிறான் செங்கோடன்.

"நிலம் என் பேரில் இருக்கிறது மகாராஜா. இவள் எனக்கு யாரோ."

"யாரோ ஒருத்தியா தினமும் உன் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைத்தாள்?" என்றாள் பூவாயி. "பொழுது போகாமலா?"

பிரதானி மாடசாமி எழுந்தார். அவர் செங்கோடனுக்குத் தாய்மாமன். ஆனாலும் நடுநிலையாளர், அவரே அடிக்கடி அப்படிச் சொல்லிக்கொள்வார்.

"தாலி இல்லையென்றால் மனைவி இல்லை. மனைவி இல்லையென்றால் பங்கும் இல்லை. பாவம்தான், என்ன செய்வது?" என்று செலவில்லாமல் இரக்கப்பட்டார்.

மன்னர் விகடகவி சாத்தப்பனைப் பார்த்தார். சாத்தப்பனோ செங்கோடனின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேற்றுப்புண்ணின் தழும்பு மருந்துக்கும் இல்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முழுக்க ஏரிக்கரைச் சேற்றில் கால் ஊறக் காவல் நிற்பது தனிக்கட்டைகளின் கடமை. குடும்பஸ்தனுக்கு விலக்கு.

"பிரதானி சொன்னதே சரி," என்றான் சாத்தப்பன்.

பூவாயியின் முகம் வாடியது. பிரதானிக்கு முதல்முறையாகச் சாத்தப்பனைப் பிடித்துப்போனது.

"செங்கோடா, நீ தனிக்கட்டைதானே?" என்று கேட்டான் சாத்தப்பன்.

"சத்தியமாக."

"பிறகு ஏன் ஒரு மழைக்கும் ஏரிக்கரைப் பக்கம் வரவில்லை?"

செங்கோடன் தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தான்.

"வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள் என்று வருடா வருடம் விலக்கு வாங்கினாயே, கொடுத்தது யார்?"

பிரதானிக்குத் திடீரென்று சபையின் விதானச் சித்திரங்கள் மிகவும் பிடித்துப்போயின.

"மகாராஜா, முழுக் கொடிக்காலும் இவனுக்கே இருக்கட்டும். நிற்காத காவலையெல்லாம் சேர்த்து நிற்கட்டும். கிழவனானதும் கரையிலிருந்து இறங்கிவந்து வெற்றிலை போடலாம், பல் இருந்தால்."

வெளியே மறுபடி இடித்தது.

"பூவாயி என் பெண்டாட்டிதான் மகாராஜா," என்றான் செங்கோடன் அவசரமாக. "பாதிக் கொடிக்கால் அவளுக்குத்தான். வேண்டுமானால் இப்போதே தாலி கட்டுகிறேன்."

"பாதி போதும்," என்றாள் பூவாயி. "தாலி வேண்டாம். இனிமேல் நான் இவருக்கு யாரோ."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படியே தீர்ப்பும் சொல்லி, தம் முத்துமாலையைச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். பாதியாவது மிஞ்சியதே என்று செங்கோடன் வாசலை நோக்கி நழுவினான்.

சாத்தப்பன் ஓர் ஓலைக்குடையோடு வழிமறித்தான்.

"இதைப் பிடி. இன்று முதல் நீ தனிக்கட்டை. ஏரிக்கரை அந்தப் பக்கம்."